சாலமோன் வர்ணம் அடித்த கை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சுவரில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் சிரித்துக்கொண்டு நிற்பான். கையில் தடித்த கையுறை மாட்டியிருப்பான். அவனை வரைந்தது பெரும்பாலும் சாலமோன்தான். அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு ஒரு பாதுகாப்பு அதிகாரி, "உங்களுக்கு நல்ல சேஃப்டி சென்ஸ்" என்று பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரமே பரிசாகக் கொடுத்தார். உண்மை என்னவென்றால், சாலமோனுக்குக் கை வரைய வராது. கண், மூக்கு, மீசை எல்லாம் நன்றாக வரும். விரல் என்று வந்துவிட்டால் வாழைச்சீப்பு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் கையுறை. கடிகாரம் இன்னும் அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, மணி பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஐம்பதைத் தொடுகிற வயதில் மனிதர்கள் சர்க்கரை வியாதிக்கு ஆளாவார்கள். சாலமோன் மார்மன் சபைக்கு ஆளானார். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிறிஸ்தவச் சபையில் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை என்று சென்னைக்கு ரயில் ஏறுவார். மீன் கூடைகளுக்கு நடுவே நின்று போய் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், டை பின்பக்கம் திரும்பியிருக்கும். யாராவது கேட்டால் தன் மதத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்தச் சபையில் டீயும் காபியும் கூடாது. சாராயத்தை விட்டேன் என்றால் ஊர் கைதட்டும். டீயை விட்டேன் என்றால் என்ன செய்யும்? சிப்காட் வாசல் டீக்கடையில் சாலமோன், "ஒரு பாலு, சக்கரை கம்மியா" என்று கேட்கும்போது கடைக்காரர் லோகு தினமும், "கொயந்த எங்க நைனா, வெளிய நிக்குதா?" என்று கேட்பார். மனைவி மோனிகா பழைய சபையிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் குடிப்பாள். "மோந்து பாத்தா பாவமா, இல்ல குடிச்சாத்தானா?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

இவ்வளவு பேஜாரு எதற்கு என்றால், உடம்புக்காக. சின்ன வயதிலிருந்து அவர் கேட்ட பிரசங்கமெல்லாம் இந்த உடம்பு மண், இந்த உடம்பு புழு என்பதுதான். உடம்பை வரைந்து பிழைக்கிறவனுக்கு அது எப்படி இனிக்கும்? ஒருநாள் ரயிலில் இரண்டு வெள்ளைச் சட்டைப் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, அதற்குள் சட்டையில் 'மூப்பர்' என்று பட்டை குத்தியிருந்தது. கடவுளுக்கும் உடம்பு இருக்கிறது என்றார்கள். பிறப்பதற்கு முன்னால் நாமெல்லாம் இப்படி ஓர் உடம்பு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தோமாம், இது தண்டனை அல்ல, பரிசு என்றார்கள். சாலமோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடவுளுக்குக் கை இருக்குதா?"

"இருக்கு அங்கிள்."

"வெரலெல்லாம்?"

"எல்லாமே இருக்கு அங்கிள்."

அந்தக் கடவுள், மனிதர்கள் படுகிற பாட்டைப் பார்த்து அழவும் செய்வார் என்று சொன்னார்கள். பொன்னேரி வருவதற்குள் சாலமோன் பாதி மார்மன் ஆகிவிட்டார்.

மீதிப் பாதி ஆவதற்குத்தான் தண்ணீர் இடம் கொடுக்கவில்லை. அவர்களுடைய ஞானஸ்நானத்தில் ஆளைத் தொட்டித் தண்ணீரில் முழுசாக முக்கி எடுக்க வேண்டும். ஒரு நகம் வெளியே தெரிந்தாலும் செல்லாது. தெரிகிறதா என்று பார்ப்பதற்கே இரண்டு பேர் சாட்சியாக நிற்பார்கள். முதலில் முக்கியபோது சாலமோனின் கால் கட்டைவிரல் மேலே வந்து எட்டிப் பார்த்தது. அடுத்த தடவை தொப்பை வந்தது. அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கித்தான் காரியத்தை முடித்தார்கள். சபை சிரித்தது. சாலமோனுக்கு மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மலாக வந்தது.

அந்தத் தொட்டியில் கொடுத்த வாக்குறுதிதான் இந்தக் கதை. அழுகிறவர்களோடு அழுவேன், ஆறுதல் தேவைப்படுகிறவனுக்கு ஆறுதலாக இருப்பேன் என்று சொல்லித்தான் அவர் தண்ணீரில் இறங்கினார். இதில் என்ன வில்லங்கம் என்றால் சாலமோனுக்கு அழுகையே வராது. அப்பா செத்தபோதும் வரவில்லை. கண்ணீர் வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பேச்சு வரும். சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, "உயிர்த்தெழும்போது முழு உடம்போட வருவாங்க, ஒரு முடிகூடக் கொறையாது" என்பார். படுத்திருப்பவர் முப்பது வருஷமாக வழுக்கை என்பது அவர் கண்ணில் படாது. ஜனங்கள் அவரைப் பார்த்ததும் பாய் மடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் துளசிராமன் சிநேகிதனாக வாய்த்தார். பொன்னேரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் வயல், சிப்காட்டில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் வேலை, இரண்டையும் பார்க்கிற மனுஷன். சாலமோன் அங்கே சுவரில் வரையப் போகிற நாளில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். போன வருஷம் அந்த பிரஸ் மெஷினில் துளசிராமனின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

பார்க்கப் போன சாலமோன், கட்டுப் போட்ட கையைப் பார்க்கவில்லை. அவரால் முடியவில்லை. சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "கவலப்படாத துளசி. உயிர்த்தெழுற நாள்ல உனக்கு அந்தக் கை அப்படியே திரும்பி வந்துரும்" என்றார்.

துளசிராமனும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "சரிய்யா. அதுவரிக்கும் சோத்த எதால துன்றது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி முத்தம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினாள். சாலமோன், "நான் டீ குடிக்கறதில்லம்மா" என்றார். துக்க வீட்டில் கொடுத்ததையும் வேண்டாம் என்ற புண்ணியம் அவருக்குச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மோனிகாவும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவரைத் தேடி துளசிராமனின் மகள் இளமதி வந்தாள். தோளில் ஒரு பை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பரத், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. பொன்னேரியில் மண்டபம் பார்த்தாகிவிட்டது. பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"நைனா மேடைக்கே வர மாட்டேன்றாரு அங்கிள். கொற இருக்கிற கையால தார வாத்துக் குடுத்தா பொண்ணுக்கு ஆவாதாம், பெரியப்பா சொல்றாரு. அவரே வாத்துக் குடுக்கறேன்றாரு. நைனாவும் சரின்னு தலையாட்டிக்கினு ஊட்டுப் பின்னால போய் குந்திக்கினாரு. எனக்கு எங்க நைனா கையால குடுக்கணும் அங்கிள். இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

பையிலிருந்து ஒரு ரப்பர் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஏதோ இலவச முகாமில் கொடுத்தது. அதன் நிறம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு மனுஷனுக்கும் கிடையாது. ஜவுளிக்கடை பொம்மையின் ரோஸ் நிறம். வாங்கின நாளிலிருந்து அது ஆணியில்தான் தொங்கிற்றாம்.

"இதுக்கு மனுசன் கலரு அடிச்சிக் குடுத்தா மாட்டிக்கினு வருவியான்னு கேட்டேன். பாக்கலாம்னாரு. நீங்கதான் ஆர்ட்டிஸ்டாச்சே."

ஆர்ட்டிஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சாலமோனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. தனக்குக் கை வராது என்பதும் மறந்துபோயிற்று. "குடுத்துட்டுப் போ கண்ணு" என்றார்.

இப்போது அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். வேறு எந்தப் பெயிண்டராக இருந்தாலும் துளசிராமனின் இன்னொரு கையைப் பார்த்து அதே நிறத்தை அடித்திருப்பான். சாலமோன் மார்மன் பெயிண்டர் அல்லவா? உயிர்த்தெழுகிற நாளில் அந்தக் கை எப்படி இருக்கும் என்று யோசித்தார். காய்ப்பு இருக்காது, கீறல் இருக்காது, நகத்தில் அழுக்கு இருக்காது. அப்படியே அடித்தார். வழவழவென்று சந்தன நிறம், நகங்களில் லேசான சிவப்பு. முடித்ததும் தூக்கிப் பிடித்து அழகு பார்த்தார். கடவுளே பார்த்தாலும் பாராட்டுவார் என்று அவருக்குப் பட்டது. மோனிகா மட்டும், "ஐயரூட்டுப் பையன் கையாட்டம் கீது" என்றாள்.

துளசிராமன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் கையிய்யா இது?"

"உன்னுதுதான். ஒரு கொறையும் இல்லாத உன் கை."

"என் கைல மண்வெட்டி புடிச்சிப் புடிச்சி வெரலு மடங்காது. இந்தக் கை ஒரு நாளாவது சேத்துல எறங்கியிருக்குமா? எவன் கையையோ மாட்டிக்கினு என் பொண்ண எவன்கிட்டயோ நான் எப்டிய்யா குடுப்பேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சாலமோனைச் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் உயிர்த்தெழுந்த இயேசுவின் படம். கைகளை விரித்து நிற்கிறார். இரண்டு உள்ளங்கையிலும் ஆணித் தழும்பு. எத்தனை வருஷமாக இந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறார்! முதன்முதலில் முழு உடம்போடு எழுந்தவரே தழும்பை அழித்துவிட்டு வரவில்லை. தொட்டுப் பாருங்கள் என்று அதைத்தான் நீட்டிக் காட்டினார். சாலமோன் என்கிற மேதாவி மட்டும் வழவழவென்று அடித்துவைத்திருக்கிறார். 'அட மடையா' என்று தன்னைத் திட்டிக்கொண்டார். சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, முன்வரிசையில் ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளே துளசிராமன் வீட்டுக்குப் போனார். "உன் இடது கைய வரையணும்" என்றார். துளசிராமன் முறைத்துவிட்டு, போனால் போகிறது என்று கையை நீட்டினார். வலது பக்கத்தைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். சாலமோனும் அந்தத் துண்டுப் பக்கம் பார்வையைக் கொண்டுபோகவில்லை.

வரையும்போது சாலமோனுக்கு நாக்கு வெளியே வந்துவிடும், பல்லால் கடித்துக்கொண்டுதான் வரைவார். நாக்கைக் கடித்துக்கொண்டு பிரசங்கம் பண்ண முடியாது. ஒரு துக்க வீட்டில் சாலமோன் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். அவர் பேசாமல் இருந்ததால் துளசிராமன் பேச ஆரம்பித்தார்.

ஆள்காட்டி விரலில் அறுவாள் கிழித்த வடு, தை மாத அறுப்பில். புறங்கையில் பைக் சைலன்சர் சுட்டது. கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பிறை மாதிரி சின்னதாக ஒரு தழும்பு. இளமதிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது வலி தாங்காமல் கடித்தது. அப்போதுதான் அவளுக்குப் பல் முளைத்திருந்ததாம்.

"அதெல்லாம் இந்தக் கைல இல்லய்யா, போன கைல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மெசினு எறங்கசொல்லோ எதுர செவுத்துல உன் ஹெல்மெட் ஆளு நின்னுக்கினு இருந்தான். அப்பவும் சிரிச்சிக்கினுதான் இருந்தான்" என்றார்.

சாலமோன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் கண் வறண்டுதான் இருந்தது. இந்த இடத்தில்கூட வராத கண்ணீரை வைத்துக்கொண்டு என்ன மனுஷன் நான் என்று அவருக்கு வெறுப்பாக இருந்தது.

பல நாள் போனார், பல நாள் வரைந்தார். கை வராத ஆளுக்கு மெல்ல மெல்ல விரல்கள் விரல்களாக வந்தன. அப்புறம் ரப்பர் கையைச் சுரண்டிவிட்டு மறுபடி வேலையைத் தொடங்கினார். எனாமல் பெயிண்ட் அடித்தால் பளபளத்தது, ரப்பரை அழுத்தினால் வெடித்தது. கடைசியில் கோந்து கலந்த தண்ணீர் வர்ணத்தில் போய் நின்றார். அதில்தான் தோல் தோலாகத் தெரிந்தது. வெயிலில் கறுத்த நிறம், மூட்டுகளில் சுருக்கம், அறுவாள் வடு, சைலன்சர் சூடு, பிறைத் தழும்பு எல்லாம் வந்து உட்கார்ந்தன.

"மேல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிடு" என்றாள் மோனிகா.

"மினுமினுத்துப் போயிடும். உனக்குக் கலை தெரியாது, நீ போய் டீயக் குடி" என்றார் சாலமோன்.

துளசிராமன் அந்தக் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இடது கை விரலால் அந்தப் பிறையைத் தடவினார். "என் கைதான்" என்றார். உள்ளே திரும்பி, "முத்து, அண்ணன்கிட்ட சொல்லிடு. தார நானே வாத்துக் குடுக்கறேன்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து இளமதி விசும்புவது கேட்டது. சாலமோன் மிதந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் ஒருவனுக்காவது ஆறுதலாக இருந்தாகிவிட்டது என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் டை கட்டி உட்கார்ந்திருந்தார். மேடையில் துளசிராமன் முழுக்கைச் சட்டையில் நிமிர்ந்து நின்றார். பெரியப்பா சுப்பராயன் அந்தக் கையை இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம் சாலமோன், "நம்ம வேலதான்" என்று அடக்கமாகத் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

பரத் கையை நீட்டினான். அதன்மேல் இளமதியின் கை. அதை மேலும் கீழுமாகப் பிடித்து துளசிராமனின் இரண்டு கைகளும். முத்தம்மாள் செம்பைத் தூக்கினாள்.

செம்பைப் பார்த்த பிறகுதான் சாலமோனுக்கு உறைத்தது. தாரை என்றால் தண்ணீர். தண்ணீர் வர்ணம். வார்னிஷ் இல்லை. ஒரு கட்டைவிரலுக்காக மறுபடி மறுபடி தண்ணீரில் முங்கி எழுந்த மனுஷன், உலகத்தில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டிருந்தார்.

"யம்மா, நிறுத்துங்க!" என்று எழுந்தார். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. யாருக்குக் கேட்கும்?

தண்ணீர் விழுந்தது. மூட்டுச் சுருக்கம் முதலில் கரைந்தது. அறுவாள் வடு வழிந்தது. பழுப்பு நிறம் சொட்டுச் சொட்டாக இளமதியின் மருதாணிக் கைமேல் விழுந்து, பரத்தின் பட்டு வேட்டியில் இறங்கியது. அடியிலிருந்து பொம்மை ரோஸ் எட்டிப் பார்த்தது. மேடையில் சலசலப்பு. "அப்பவே சொன்னேனே, கேட்டியா? அபசகுனம்!" என்றார் சுப்பராயன். முத்தம்மாள் செம்போடு உறைந்து நின்றாள். துளசிராமனின் முகம் பேயறைந்தது போலாயிற்று. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

இளமதி விடவில்லை. அவள் பிறைத் தழும்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"கயட்டு நைனா" என்றாள்.

"வேணாம்மா, எல்லாரும் பாக்கறாங்கோ."

"பாக்கட்டும். கயட்டு."

அவளே பட்டையை அவிழ்த்தாள். ரப்பர் கையைக் கழற்றி, மேடைக்கு ஓடிவந்துவிட்ட சாலமோனிடம் நீட்டினாள். அப்புறம் விரல் இல்லாத அந்த மணிக்கட்டைத் தன் கைமேல் வைத்து, "ஊத்தும்மா" என்றாள். பரத் தன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அடியில் கொடுத்தான். முத்தம்மாள் ஊற்றினாள். தெளிந்த தண்ணீர் மொட்டைக் கைமேல் விழுந்து, மகள் கை வழியாக மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. சுப்பராயன் என்னவோ சொல்ல வாயெடுத்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாலமோன் அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்க்கவில்லை. வழவழப்பாக, உருண்டு, ஓரத்தில் தையல் போட்ட கோடோடு இருந்தது. அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை நாள் பயந்திருந்தார். கையில் சொட்டிக்கொண்டிருந்த ரப்பரைப் பிடித்தபடி மேடை ஓரத்தில் நின்று அழுதார். அழகாக அழவில்லை. பழக்கமில்லாதவர் அல்லவா, மூக்கு ஒழுகிற்று, விக்கல் வந்தது, நடுவில் ஒரு தும்மல்கூட வந்தது. அப்பாவுக்கு அழாதது, துளசிராமனுக்கு அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

சடங்கு முடிந்து துளசிராமன் அவரிடம் வந்தார். சாலமோன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றியும் ஒன்றும் வரவில்லை.

"இன்னாய்யா, சாவு ஊட்டுல பிரசங்கம் பண்ணிட்டு, கல்யாண ஊட்டுல வந்து அய்வுற?" என்றார் துளசிராமன். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது. இடது கையில் வெற்றிலைத் தட்டு இருந்ததால், வலது மணிக்கட்டால் சாலமோனின் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துவிட்டார்.

அது சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. ரப்பருக்குள் வழிந்து தையல் இடுக்கில் தங்கியிருந்த வர்ணம் சாலமோனின் முகமெல்லாம் பழுப்பாக அப்பிக்கொண்டது. போட்டோக்காரர் அதையும் ஒரு படம் எடுத்தார். இளமதியின் ஆல்பத்தில் இப்போதும் அந்தப் படம் இருக்கிறது. டை பின்பக்கம் திரும்பிக் கிடக்க, கறை படிந்த மூஞ்சியோடு சாலமோன் நிற்கிறார். அவர் கன்னத்தில் துளசிராமனின் கை.